தங்கூசியில் ஏறிய பாட்டு

கொடியேற்றத் திருப்பலிக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது கிற்றாரின் முதல் கம்பி அறுந்தது. கண்டக்குழியில் கிற்றார்க் கம்பி விற்கும் கடை இல்லை. புத்தளம் போய்த் திரும்ப நேரமில்லை. பாடகர் குழுவின் கீபோட் உப்புக்காற்றுப் பிடித்து, திருத்துவதற்காகச் சிலாபத்தில் கிடந்தது.

பதறியவர் சித்தி. பதிலுரைப்பாடலை அவர்தான் தனியாகத் தொடங்குவார். நான் முதல் கம்பியை ஒருமுறை தட்ட, அந்தச் சுரத்தைப் பிடித்துப் பாடுவார். போன வருடம் பாட்டின் உச்சியில் அவருடைய குரல் உடைந்தது. ஒரு செக்கன்தான். ஆனால் கடைசி வாங்கில், ஓட்டோவில் பாண் விற்கும் பாண்காரர் இருந்தார். அதன்பிறகு தினமும் காலையில் அவருடைய ஓட்டோ மெட்டுப் போட்டபடி சித்தியின் படலையில் வந்து நிற்கும். மெட்டை நிறுத்திவிட்டு, அந்த உடைந்த சத்தத்தை அப்படியே எடுத்துக்காட்டிய பிறகுதான் பாணைக் கொடுப்பார்.

"இந்த முறையும் பிசகினா இனிமேல் பாடமாட்டன் பிள்ளை. பாணும் வாங்கமாட்டன்" என்றார் சித்தி.

காற்றாலைகளின் அதிர்வை அளந்து பழுது கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு பொருள் செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் சத்தம் ஏறுவதும் இறங்குவதும். கம்பியில் அதைத் தீர்மானிப்பவை மூன்று. கொப்பியில் எழுதினேன்: நீளம், தடிப்பு, இழுவை. நீளத்தைக் கிற்றார் செய்தவரே முடிவுசெய்துவிட்டார். தடிப்புக்காக அப்பாவின் தூண்டில் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே தங்கூசி இருந்தது, தூண்டிலுக்குப் போடும் நைலோன் இழை. அப்பா புதுச் சுருள் ஒன்றைப் பிரித்து, தூண்டில் முடிச்சையே போட்டுக் கட்டினார்.

"பதினைஞ்சு கிலோ மீனுக்கே அறாத சாமான். மச்சாளின்ர பாட்டுக்கு அறுமா?"

போனில் செக்கனுக்கு 330 அதிர்வு என்று காட்டும்வரை திருகினேன். சித்தி பாடிப்பார்த்தார். உச்சிக்கு ஒரு படி கீழே நின்று இருமினார்.

"கொஞ்சம் இறக்கி வையன், பிள்ளை."

"ஒண்டை மட்டும் இறக்கினா மற்ற அஞ்சோடையும் சேராது சித்தி. ஆறையும் இறக்கினா பிள்ளையள் பழகின பாட்டு முழுக்கப் பிழையாப் போகும்."

"நீ போய் உன்ர காத்தாடிக்கே பாடு" என்றார்.

கோயிலில் முதல் வாசகம் முடியப்போகும் நேரம் கம்பியை மெதுவாகத் தட்டிப் போனைப் பார்த்தேன். 295. புதுத் தங்கூசி இழுபட்டு, இழுவை குறைந்து, சுரம் ஒரு முழுப்படி இறங்கியிருந்தது.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, திருகித் திரும்ப ஏற்றுவது. அதற்கு அரை நிமிடம் போதும். சித்தி ஒலிவாங்கியின் முன்னால் நின்று உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். பாண்காரர் இந்த வருடம் இரண்டாவது வாங்குக்கு முன்னேறியிருந்தார். நான் போனைப் பையில் போட்டுவிட்டு, அந்த 295ஐயே தட்டினேன்.

சித்தி உச்சியைத் தொட்டார். தொட்டதோடு நிற்காமல், அங்கேயே கதிரை போட்டு உட்கார்ந்ததுபோல அந்தச் சுரத்தை நீட்டினார். குழுவும் அவருக்குப் பின்னால் அதே கட்டையில் பாடத் தொடங்கியது. என் கிற்றாரின் மற்ற ஐந்து கம்பிகளும் பழைய சுரத்தில் இருந்தன. வாசித்தால் பிடிபட்டுவிடுவேன். ஆறையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பாட்டு முடியும்வரை மற்றக் கையால் கிற்றாரின் மரத்தில் தாளம் தட்டினேன். திருப்பலி வைத்த சுவாமி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஏதோ புது முறை என்று நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "புதுத் தங்கூசி முதல் நாள் இழுபடும்தானே."

"முதலே சொல்லியிருக்கலாமே அப்பா."

"நீ கொப்பியில எழுதிக்கொண்டிருந்தாய். குழப்ப மனம் வரேல்ல."

மறுநாள் காலை நான் சித்தி வீட்டில் இருந்தேன். ஓட்டோ வந்தது, மெட்டு நின்றது. பாண்காரர் ஒன்றும் பாடவில்லை.

"எத்தனை பாண் அக்கா?"

"ரெண்டு. என்ன, இண்டைக்குத் தொண்டை சரியில்லையோ?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பாணுக்கு மேல் ஒரு இனிப்புப் பணிஸை வைத்து நீட்டினார். சித்தி கையை மடக்கவில்லை.

"இது ஒரு நாள் நக்கலுக்கு. மிச்ச நாளுக்கு?"

இன்னொன்று வைத்தார். சித்தியின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.