பால்கோவா தின்ற எலிகள்

எலிக்கூண்டின் மரத்தூளுக்குள் நெய் ஊறிய ஒரு காகிதத் துண்டு. மூன்று முறை கண்டேன். மூன்று முறையும் திட்டிக்கொண்டே எடுத்துக் குப்பையில் போட்டேன். யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு சின்னத் தனியார் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. தேவதானத்துத் தோப்புகளிலிருந்து வந்த நாவல்பழத்தின் சாரம் சர்க்கரையைக் குறைக்கிறதா, உடம்புக்குக் கெடுதல் செய்யாமல் இருக்கிறதா என்று எலிகளில் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில் பாதிக்குச் சாரம். மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். தீனி இரண்டுக்கும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் லட்சணம் தெரியும். முடிவு நன்றாக வந்தால் என் வேலை நிரந்தரம் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். சாரம் தயாரிக்கும் கம்பெனிக்காரரோ ‘இனி மாத்திரை வேண்டாம்’ என்று பாட்டிலில் அச்சடிக்கக் காத்திருந்தார்.

எலிகளைப் பராமரித்தவரை அண்ணாச்சி என்போம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் மைத்துனருக்குப் பால்கோவாக் கடை. வெள்ளிக்கிழமைதோறும் சட்டியில் வழித்த பால்கோவா ஒரு பொட்டலம் வந்துவிடும். வாட்ச்மேன் முதல் டைரக்டர்வரை எல்லோருக்கும் ஒரு விள்ளல். பக்கத்தில் ஓர் உயிர் இருக்க, கொடுக்காமல் தின்பது அவருக்கு ஆகாது.

முடிவுகள் வந்த அன்று என் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் குடித்த எலிகளுக்குச் சர்க்கரை எகிறிக் கிடந்தது. சாரம் குடித்தவற்றுக்கு அதில் பாதிகூட இல்லை. அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

“அந்தத் தண்ணிக் கூண்டுக்கு வெள்ளிக்கிழம சாயங்காலம் பால்கோவா வச்சிட்டுத்தாம்மா வீட்டுக்குப் போவேன். மத்ததுக்கெல்லாம் மருந்து குடுக்கீய. இதுகளுக்கு வெறும் தண்ணி. பாவம், வாய்க்காச்சும் ருசியா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

சனிக்கிழமை காலையில்தான் நாங்கள் ரத்தம் எடுப்போம். அப்படியானால் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு பால்கோவா செய்த வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அண்ணாச்சி.” இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே டைரக்டர் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். கம்பெனிக்காரரும் உள்ளே இருந்தார். அண்ணாச்சி ஒன்று விடாமல் சொல்லி முடித்ததும் டைரக்டர் சிரித்தார்.

“எலி பால்கோவா தின்னுச்சுன்னு எழுதுனா ஊரே சிரிக்கும். நமக்குள்ள இருக்கட்டும், விடுங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும் சார். எங்க வீட்டுக்காரிக்கும் சுகர்தான். இந்தப் பாட்டில நம்பி அவ மாத்திரைய நிறுத்திட்டு விழுந்தா, பொறவு யாரு சார் பதில் சொல்லுவா?”

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். “இவர் ஏதோ உளறுதார். நீ எதுவும் பார்த்தியாம்மா?”

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை என் கையில். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. “கூண்டுல கெடந்த காகிதத்த நான்தான் சார் எடுத்துப் போட்டேன். மூணு தடவை. இந்த ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன்.

சர்க்கரையை அளந்தவள் கையெழுத்தில்லாமல் ரிப்போர்ட் போகாது. வேறு வழியின்றி, புது எலிகளோடு முதலிலிருந்து சோதனை நடந்தது. அண்ணாச்சியை மட்டும் இனி வர வேண்டாம் என்றார்கள். கூண்டில் தின்பண்டம் வைத்தது தப்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் வைத்ததற்காக அவரை அனுப்பவில்லை, சொன்னதற்காகத்தான் அனுப்பினார்கள். இன்று வேறு ஊரில், வேறு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். யார் கேட்டாலும் இப்படியேதான் சொல்கிறேன். ராஜபாளையத்தில் என் வேலையும் நிரந்தரமாகவில்லை. போகட்டும்.

நான் அங்கிருந்து கிளம்பும் முன்பே இரண்டாவது முடிவு வந்தது. கெடுதல் ஒன்றும் இல்லை. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் மாத்திரையைத் தூக்கிப்போடும் அளவுக்கு இல்லை. அன்று மாலையே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். மைத்துனர் கடையின் பின்கட்டில் அண்ணாச்சி பால் கிண்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அதெல்லாம் கெடக்கட்டும். ரிசல்ட்டு என்ன சொல்லுது?”

சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, கரண்டியை நிறுத்தாமலே, முன்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“ஏட்டி, மாத்திரைய நிறுத்திராத. டெஸ்ட்டு முடிஞ்சிருச்சு.”