வெள்ளை அத்தியில் எங்கள் வீட்டு முடிச்சு

வளைகுடாவில் மீன்பிடி லாஞ்சில் வேலைக்குப் போயிருந்த என் தம்பி அங்கிருந்து மூன்று அத்திக் குச்சிகளை அனுப்பிவைத்தான். லீவில் ஊருக்கு வந்த சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் அவற்றை வெந்நீர் பிளாஸ்கில் போட்டு, ஈரத்துணி அடைத்து, ஏர்போர்ட்டில் யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்து சேர்த்தார். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. "இன்னாத்துக்கு இந்த வெறகு?" என்று கேட்டேன். என் மனைவி அதற்குள் குச்சிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இடம் பார்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் தம்பி போனில் வந்தான்.

"மூணுமே வெள்ள அத்திதாண்ணா. ஆனா மூணும் வேற வேற சாதி. செவப்புத் துணி கட்டினது மொதலாளி தோட்டத்துல இருந்து. நீலத் துணி, பள்ளிவாசல் செவுத்தோரம் நிக்குதே அது. நைலான் நூல்ல நம்ம வூட்டு முடிச்சு போட்டிருக்கேன் பாரு, அது எங்க ரூம் வாசல்ல நிக்கிற மரம். லாஞ்சை வுட்டு எறங்கினா அந்தப் பழத்தைத் தின்னுட்டுத்தான் உள்ளயே போவேன். மத்ததை யாருக்குனா குடு. அதை மட்டும் சாவ வுட்டுடாத. நான் வந்து பறிக்கிறேன்."

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஏரியில் எத்தனை வலை கிடந்தாலும், மிதவையில் இருக்கும் முடிச்சைப் பார்த்தே யார் வலை என்று சொல்லிவிடலாம். எங்களுடையது இரட்டை முடிச்சு. நூலின் ஒரு வால் நீளம், ஒரு வால் குட்டை. வெளியே போயிருக்கிறவன் போட்ட முடிச்சை வீட்டில் இருப்பவர்கள் அவிழ்க்க மாட்டோம். அவிழ்த்தால் அவன் திரும்பமாட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒருவன் செத்தால், பதினாறாம் நாள் அந்த வீட்டு மூத்தவன் உட்கார்ந்து அவன் வலையிலிருக்கும் முடிச்சுகளை அவிழ்ப்பான். எங்கள் நைனா போட்ட முடிச்சுகளை நான்தான் அவிழ்த்தேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நூலைச் சுருட்டினான்.

அவனைப் போகச் சொன்னவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஏரியில் வலை போடுவதற்கு முறை வைத்திருக்கிறோம், பாடு என்போம். கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாடு உண்டு. தம்பிக்குப் பெண் அமையவில்லை. என் பாடு வரும் நாளில் கூட வருவான், மற்ற நாளெல்லாம் கரையோரம் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவுவான். கடல் ஏரிக்குள் வரும் முகத்துவாரம் மண் தூர்ந்த வருஷம் அதுவும் இல்லை. "இங்க கெடந்து இன்னா பண்ணப்போற, அரபிக்காரன் லாஞ்சுக்குப் போ" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, போய்விட்டான். அவன் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

எங்கள் மண் வெறும் மணலும் கிளிஞ்சலும். கோடையில் ஊற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். என் மனைவி சளைக்கவில்லை. இறால் தலைகளை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, காயவைத்து, இடித்து வேரில் போட்டாள். மூன்று குச்சியும் பிடித்துக்கொண்டன. முதல் மழைக்காலம் முடிவதற்குள் சிவப்புத் துணியும் நீலத் துணியும் மக்கி மண்ணோடு போய்விட்டன. நைலான் மக்காது. மக்காது என்பதற்காகத்தானே அதை வாங்குகிறோம்.

இரண்டாம் வருஷம் தம்பியின் மரத்தில் நாலு காய் வந்தது. காட்டூர் ரோட்டோரம் நிற்கிற நாட்டு அத்தி பழுத்தால் சிவந்துவிடும். அந்த நினைப்பில் இவையும் சிவக்கட்டும் என்று காத்திருந்தோம். பச்சையாகவே இருந்து, ஒரு நாள் பார்த்தால் நாலும் எறும்பு மொய்த்துக் கீழே கிடந்தன. போனில் சொன்னதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அய்யோ அண்ணா, வெள்ள அத்தி நெறம் மாறாது. கழுத்து தொங்கும், அடிக்கண்ணுல ஒரு சொட்டு தேன் நிக்கும். அதான் பழம். சரி வுடு, நாலும் போவட்டும். அடுத்த காய்ப்புக்கு நான் வந்துடறேன்."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த வாரம் அவனும் இன்னும் மூன்று பேரும் போன லாஞ்சு கரைக்கு வரவில்லை. முதலாளியின் நம்பருக்குப் போட்டால் தேடுகிறோம் என்றார்கள். பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. உடலும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. எதிர்க்கரை நாட்டு ஜெயிலில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லை தாண்டினால் பிடித்துப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் பதினாறு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு அத்திப் பைத்தியம் பிடித்தது. அவன் தின்றது என்ன பழம், அதற்குப் பெயர் என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. பெயர் தெரிந்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனைவி கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவள். போனில் அத்தி வளர்ப்பவர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள், ஓசூர்க்காரர்கள், மொட்டைமாடியில் டிரம்மில் வளர்ப்பவர்கள். இலையைப் படம் எடு, காம்பைப் படம் எடு, அடிக்கண்ணைப் படம் எடு, அறுத்து உள்ளே காட்டு என்றார்கள். வெள்ளை அத்தி என்றால் வெளியே எல்லாம் ஒரே பச்சைதான், உள்ளே சிலது தேன் நிறம், சிலது ரத்தச் சிவப்பு. அறுக்க மாட்டேன், அது என் தம்பி பறிக்க வேண்டிய பழம் என்றேன். ஒருவர் கடோட்டா என்றார், இன்னொருவர் மார்சேய் என்றார், மூன்றாவது ஆள் இரண்டும் இல்லை என்று சண்டைக்கு வந்தார். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள், அது வேறு மரம், சத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ போட்டிருந்ததை மட்டும் நான் பத்திரமாகக் கேட்டுக்கொண்டேன். தம்பி போட்ட முடிச்சு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்தது. முடிச்சுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அது அவன் மரம் இல்லை என்று அன்றன்றைக்குக் கிள்ளிப்போட்டேன்.

ஒரு நாள் காலை மனைவி மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா, நூலு உள்ள போய்க்கினே கீது. மேல வீங்கிக்கினு, கீழ சூம்பிப்போய் நிக்குது பாரு. அவுத்து வுடட்டா?"

"வேணாம். எது அவன் மரம்னு அப்பால எப்படித் தெரியும்?"

"அதுக்கு எதுக்கு நூலு? இதுக்கு இலையில அஞ்சு வெரலு, அந்த ரெண்டுக்கும் மூணு. கண்ணை மூடிக்கினு தடவினாக்கூட சொல்லுவேன்."

அவள் சொன்னது சரி. குழுவில் ஆளுக்கொரு பெயர் வைத்தபோது, அவள் மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றுகிற கையாலேயே அவன் மரத்தைப் பிரித்துத் தெரிந்துவைத்திருந்தாள். அவள் சொல்வது சரியாக இருக்கும்போது நான் செய்வதையே செய்தேன். "அதுல கைய வெச்ச, ஒடிச்சுடுவேன்" என்று கத்தினேன். அதற்கு முன்னால் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை என்று எழுத ஆசைதான். பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவள் எழுந்து போன விதத்தில், நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பருவத்தில் அந்த மரம் காய்த்த காய்ப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இலைக்கு ஒரு காய். மற்ற இரண்டும் ஏதோ பேருக்குக் காய்த்து நிற்க, இது மட்டும் கிளை தாழ்ந்து நின்றது. அவன் வரப்போகிறான், அதுதான் மரம் சொல்கிறது என்று நான் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். அவர்கள் மரத்தையும் என்னையும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். காக்காய் கொத்தாமல் இருக்க என் பழைய வலையை மரத்தின் மேல் போட்டு மூடினேன். காய்களின் கழுத்து தொங்கியது. அடிக்கண்ணில் தேன் நின்றது. நான் ஒன்றையும் பறிக்கவில்லை, அவளையும் தொடவிடவில்லை. அத்தனையும் வலைக்குள்ளேயே புளித்து உதிர்ந்தன. அந்த வாடை, பிளாஸ்கைத் திறந்த அன்றைக்கு அடித்த அதே வாடை.

பிறகு இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்து இரண்டு தெரு தள்ளியிருந்து குடிதண்ணீர் சுமந்து ஊற்றினேன். கிளை நுனி கருகியது. பொன்னேரியில் நர்சரி வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் கெஞ்சி அழைத்துவந்தேன். அவர் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார், உள்ளே பழுப்பு. குனிந்து அடியைப் பார்த்தார்.

"இந்த நூலை யாருப்பா கட்டினது?"

"என் தம்பி."

"அவுத்திருக்கக் கூடாதா? மேலருந்து வேருக்குச் சோறு எறங்க வழியே இல்லாம இறுக்கிடுச்சே. போன தபா நெறைய காய்ச்சிருக்குமே?"

"ஆமா."

"எறங்க வேண்டியதெல்லாம் மேலயே நின்னுடுச்சு, அதான் அத்தினி காய். அப்பால வேரு பட்டினி." அவர் மறுபடியும் அடியைத் தடவினார். "கீழருந்து ஒரு துளிர்கூடவா வரல? அத்தி லேசுல சாவாதே. ஒண்ணை வுட்டிருந்தாக்கூட மரம் திரும்ப வந்திருக்குமே."

"வந்துச்சு. நான்தான் கிள்ளிப்போட்டேன். கீழ வர்றது வேற மரம்னு..."

"இது இன்னா ஒட்டுச்செடியா? குச்சிதானே நட்ட. மேலயும் கீழயும் ஒரே மரம்தாம்பா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே போய், மேல் கிளையில் ஒரு குச்சியாவது பிழைக்குமா என்று கேட்டேன். பிழைக்காது என்று தலையை ஆட்டினார்.

நல்ல வெயில் நேரம். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். முடிச்சு பாதிக்குமேல் பட்டைக்குள் புதைந்திருந்தது, நீள வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் ஒரே வெட்டில் அறுத்திருக்கலாம். நைனாவின் முடிச்சுகளை நான் அறுக்கவில்லை. வலை பின்னுகிற ஊசியை எடுத்துவந்து, செத்த பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, முதல் முடிச்சின் கண்ணைத் தேடிப் பிடித்தேன். தம்பி நன்றாகத்தான் இறுக்கியிருந்தான். சின்ன வயதில் அவன் போட்ட முடிச்செல்லாம் தண்ணீரில் நழுவும், அதற்காக என்னிடம் அடி வாங்கியிருக்கிறான். இரண்டாவது முடிச்சு அவிழும்போது என் நகத்தில் ரத்தம் வந்தது. நூல் அப்படியே புதுசாக இருந்தது, நிறம்கூடப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுவதற்கு ஆள் இல்லாததால் நானே விரலில் சுருட்டிக்கொண்டேன்.

மனைவி துணி துவைத்த வாளியோடு வந்தவள் என் கையைப் பார்த்தாள்.

"அவுத்துட்டியா?"

"அவுத்துட்டேன்."

அவள் வாளியை வைத்தாள். லாஞ்சு வரவில்லை என்று சேதி வந்த நாளிலிருந்து, எனக்குப் பயந்துகொண்டு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது அந்த மணலிலேயே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒப்பாரி வைத்தாள். சத்தம் கேட்டு, இறால் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் ஈரக்கையோடு ஓடிவந்தார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு ஆம்பளைகளும் வந்தார்கள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆம்பளைகள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.