மழையில் குளிர்ந்த கன்னம்

நகைப் பானையைச் சுற்றி அடுக்கிய வரட்டிகள் நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகுதான் லிடியாவுக்கு உறைத்தது, பதக்கத்தைச் சோதித்தபோது தன் முகம் நனைந்திருந்தது என்று.

களமருதூரில் சுடுமண் நகை செய்கிறவள் அவள். மண் காய்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துத்தான் அறிவாள். சில்லென்றால் உள்ளே ஈரம். ஈரத்தோடு நெருப்புக்குள் போனது வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். இன்று காலை மழையில் ஓடிப்போய், நகை காயவைத்த முறங்களை வீட்டுக்குள் எடுத்து வந்தாள். அந்த முகத்தோடே பதக்கத்தை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இல்லை. குளிர்ந்துபோன கன்னத்துக்கு எதுதான் சில்லென்றிருக்கும்?

பானைக்குள் உமியில் புதைத்த ஜிமிக்கி, மணியெல்லாம் மெலிசு. பதக்கம்தான் கனம். சின்னசேலத்து சுபஸ்ரீயின் கல்யாண நகை அது. உலோகம் எது பட்டாலும் அந்தப் பெண்ணுக்குக் கழுத்து தடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வேறு செய்து காயவைக்க நாள் இல்லை.

“இன்னா லிடியா, பேயறைஞ்ச மாரி நிக்கற?” என்றான் கணவன் எட்வின்.

“பதக்கத்துல ஈரம் இருக்குதுங்க. நான் சரியா பாக்கல.”

“அப்ப பானையத் தொறந்து எடுத்துடு.”

“ஐயோ, குளுந்த காத்து பட்டா எல்லாமே விரிஞ்சி போவும்.”

எரியும் வரட்டிகளைக் கொம்பால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். புகை மட்டும் மிஞ்சியது. வெகுநேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். மெதுவாகச் சூடேறினால் ஈரம் வெடிக்காமல் வெளியேறலாம். வெளியேறாமலும் போகலாம். தணலில் கிடந்த கொட்டாங்கச்சி படபடத்தால்கூடப் பானைப் பக்கம் காதைத் திருப்பினாள்.

“உன் பிரசவத்துக்கு நான் நின்ன மாரியே நிக்கற.”

அவள் சிரிக்கவில்லை. பானைக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். லிடியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பானை ஆறியும் அவள் கை போகவில்லை. எட்வின்தான் உமிச்சாம்பலை ஒதுக்கினான். பதக்கத்தின் பின்பக்கத்தில் புளியங்கொட்டை அளவு சில்லு பெயர்ந்திருந்தது. முன்பக்கத்து மாங்காய் வேலையில் ஒரு கீறல் இல்லை. நகத்தால் சுண்டினாள். கணீரென்றது. இன்னொரு முறை சுண்ட அவளுக்குத் துணிவில்லை.

வண்ணம் தீட்டிக் கோத்துக் கொடுத்தாள். கழுத்தில் கிடக்கையில் இரண்டாகப் பிளந்தால்? ஞாயிறன்று போனில் கல்யாணப் படம் வரும்வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை. படத்தில் பதக்கம் முழுசாக இருந்தது.

இப்போதெல்லாம் கனமான உருப்படி எதுவானாலும் எட்வினின் கன்னத்திலும் ஒருமுறை வைத்து, சில்லென்கிறதா என்று கேட்கிறாள்.

“என்னயும் வேலைக்கு சேத்துக்கினியா?”

“நீங்க மழையில நனையாம இருங்க, போதும்.”