இறக்கைக்குள் கேட்ட தட்டல்

இது நிஜமாகவே நடந்தது. நம்பாதவர்கள் வரதய்யபாளையம் போய் தபிதாவையே கேட்கலாம். கதவைச் சாத்திவிடுவாள்.

ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டி பக்கம் காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். கண்ணாடி இழையை அடுக்கடுக்காகப் போட்டு, பசை ஊற்றி இறுக்கிய இறக்கை. பனைமரத்தைவிட நீளம். உள்ளே வெற்றிடம், அடிப்பக்கம் ஆள் நுழையலாம். இயந்திரச் சுத்தியல் ஒன்று அதைத் தட்டிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான தட்டல்களைக் கேட்டுப் பழகிய கணினி, அடுக்கு ஒட்டாமல் விட்டுப்போன இடத்தைத் திரையில் சிவப்பாகக் காட்டும். சிவப்பு வந்தால் இறக்கை வெளியே போகக்கூடாது. பார்த்துச் சொல்வது தபிதா.

அன்று ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்தவளை, சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா போன் போட்டு வரவழைத்தார்.

"சாயந்திரம் லாரி வருது. ஓகே போட்டுட்டுப் போ."

மத்தியானம் 2.10. ஷெட்டில் அவர்கள் இருவர்தான்.

அவள் கையிலிருந்த திரையில் சிவப்பு. உள்ளங்கை அளவு.

"லேயர் வுட்டிருக்கு சார்."

"உனுக்கு வேலை செய்ய மனசில்ல. மறுபடி டெஸ்ட் போடு."

போட்டாள். சிவப்பு இரண்டடி தள்ளியிருந்தது. அவள் நின்ற பக்கமாக.

பழுது எங்காவது நகருமா...

நுனியைப் பார்த்து நடந்தாள். சிவப்பும் கூடவே வந்தது. நின்றாள். நின்றது.

கிருஷ்ணப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலின் சுவிட்சை அணைத்தார்.

டக்... டக்... டக்...

சத்தம் நிற்கவில்லை. உள்ளேயிருந்து வந்தது.

"எவன்டா அது?"

டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தார். திரையில் சிவப்பு திரும்பியது. இப்போது அவரை நோக்கிப் போனது.

"சார், வெளிய வந்துடுங்க..."

டார்ச் அணைந்தது.

டக்டக்டக்டக்...

அலறல்.

பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து விழுந்தார். ஒரு காலில் ஷூ இல்லை. கணுக்காலில் ஐந்து விரல் தடம்.

"உள்ள யாருமில்ல," என்றார். அவர் சொல்லும்போதே தட்டியது.

இருவரும் ஓடினார்கள்.

மறுநாள் இறக்கையை அறுத்துப் பார்த்தார்கள். ஓர் அடுக்குகூட விடவில்லை. ஆளுமில்லை. ஷூவுமில்லை.

ஒரு வாரம் கழித்து, கணினிக்குச் சத்தங்களைப் பழக்கிய இன்ஜினியர் எத்திராஜ் சென்னையிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைக் காதில் வைத்துக் கேட்டவர், ஹெட்போனைக் கழற்றித் தபிதாவிடம் நீட்டினார்.

"இந்தத் தட்டல் எனக்குத் தெரியும்மா. பழைய ஷெட்ல துலுக்காணம்னு ஒருத்தர். இறக்கைக்குள்ள பசை பூசப் போனாரு. அவரு உள்ள இருக்கிறது தெரியாம இறக்கையோட வாயை மூடிட்டோம். டெஸ்ட் ஓடிக்கினு இருந்துச்சு. சுத்தியல் சத்தம்னு நெனச்சோம். காலைலேருந்து தட்டியிருக்காரு..."

"அப்புறம்?"

"அந்தச் சத்தத்துக்குப் பழுதுன்னு பேர் போட்டு, கணினிக்குக் கத்துக்குடுத்தோம். மறுநாள்தான் திறந்து பார்த்தோம்."