ஏழு ஆரக்கால்களையும் பார்த்தவர்

வண்டி நிறுத்துமிடங்களில் அவரை மூன்று தடவை திருடன் என்று பிடித்திருக்கிறார்கள். ஒருமுறை சினிமா தியேட்டரில், ஒருமுறை மருத்துவமனையில், ஒருமுறை அவருடைய சொந்த மாமனார் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். மூன்று தடவையும் ஒரே கோலம்தான். ஐம்பது வயது மனிதர், ஆறடி உயரம், இஸ்திரி போட்ட சட்டை. யாருடைய பைக்கின் முன்னாலோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்குள் கட்டைவிரலை விட்டு எதையோ தடவிக்கொண்டிருப்பார். "என்ன சார் பண்றீங்க?" என்று காவலாளி கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, இது நான் வரைஞ்ச வீலு" என்பார். இதைவிட மோசமான சாக்கை எந்தத் திருடனும் சொன்னதில்லை.

ஆனால் அது உண்மை. பைக்குகளுக்கு அலாய் வீல் வார்க்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக வீல் வடிவமைப்பதுதான் அவர் வேலை. ஆளும் ஒல்லி, நெட்டை, தொழிலும் இது. ஆரக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் ஆரக்கால். தம்பி ஒருவன்தான் நேருக்கு நேர் "ஆரக்காலண்ணா" என்று கூப்பிடுவான்.

சக்கரம் என்றால் வட்டம், அதில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று அவருடைய மாமியாரே கேட்டதுண்டு. அந்தம்மா கேட்டதில் தப்பில்லை. வட்டத்தை அவர் வரைவதில்லை. வட்டத்துக்கும் நடுவிலிருக்கும் ஹப்புக்கும் இடையில் கிடக்கிற காலியிடத்தைத்தான் வரைவார். எங்கே உலோகம் வேண்டாம் என்று முடிவு செய்வதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பார். ஆரக்கால்களை ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் வைப்பார். இரட்டைப்படையில் வைத்தால் ஒரு காலுக்கு நேரெதிரே இன்னொரு கால் வந்துவிடும். உருக்கி ஊற்றிய அலுமினியம் ஆறிச் சுருங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். இதை அவர் விளக்க ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். தம்பி மட்டும் உட்கார்ந்திருப்பான், அவனும் பாதி நேரம் தூங்கிக்கொண்டு.

ஆரக்கால் போய் ஹப்போடு சேரும் இடத்துக்கு அவர் வைத்த பெயர் அக்குள். வீல் உடைந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். நிறுத்தியிருக்கும் வண்டிகளில் அவர் தடவிப் பார்த்ததெல்லாம் அந்த அக்குளைத்தான். எல்லா வீலையும் அல்ல, ஒரே ஒரு மாடலை.

அந்த மாடலுக்கு ஏழு ஆரக்கால். முன்வீலின் அக்குளில் பதினொரு மில்லிமீட்டர் தடிமன் என்று வரைந்து கொடுத்தார். விற்பனை மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது கால் மாதிரி இருக்கு. எனக்கு விரல் மாதிரி வேணும்" என்றார். பத்து ஆக்கிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார் மேலாளர். மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார். ஒன்பது ஆனது. கம்ப்யூட்டர் தாங்கும் என்றது. மேலேயிருந்து எடையைப் போட்டுப் பார்த்தார்கள், தாங்கியது. வளைத்துச் சுழற்றிப் பார்த்தார்கள், பாதுகாப்பு விதி கேட்கும் அத்தனை லட்சம் சுற்றும் ஓடியது. ஆரக்கால் மனசு கேட்காமல் அந்த வீலை இறக்கவிடாமல் இன்னும் ஓட்டச் சொன்னார். விதிக்கு மேல் வெகுதூரம் போன பிறகு மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. பரிசோதனைக்கூடத்துக்காரர் சிரித்தார். "சார், எதை ஓட்டிக்கிட்டே இருந்தாலும் என்னைக்காவது விடத்தான் செய்யும். இது பாஸ்."

பாஸ்தான். கையெழுத்துப் போட்டார். வீல் அமோகமாகப் போனது; தெருவில் மூன்றுக்கு ஒரு வண்டி அதில் ஓடியது. அவருக்குத்தான் அந்த மயிரிழை கண்ணைவிட்டுப் போகவில்லை. எங்கேயாவது பைக் விபத்து என்று செய்தி வந்தால் எந்த வண்டி என்று தேடிப் படிப்பார். மனைவியிடம் சொன்னால் பயந்துபோவாள், அம்மாவிடம் சொல்லவே வேண்டாம். தம்பியிடம் மட்டும் சொன்னார்.

தம்பி பதினோரு வயது இளையவன். அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது. அதனால் அண்ணன் பாதி அப்பாவாகவும் ஆகிப்போனார். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். நாள் முழுக்க ஊரைச் சுற்றுகிற வேலை, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் வாசம். அவன் சொன்னான்: "எந்நேரமும் கயித்துல தொங்குற பொட்டியில நின்னு வேலை பாக்குறவன் நான். அந்தக் கயிறு அறுந்துருமோன்னு நினைச்சா ஒருநாள் வேலை பாக்க முடியுமா? பாஸ் ஆயிடுச்சுல்ல, விடுண்ணா." சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே அதே மாடலில் கறுப்பு பைக் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். "உனக்குப் பயமா இருக்குல்ல. நானே ஓட்டிக் காட்டுறேன்" என்று அவர் காதோடு சொன்னான். விஷயம் தெரியாத மனைவியும் அம்மாவும் புது வண்டியைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அன்றைக்குக் காலை பத்தரை இருக்கும். வார்ப்புக் கூடத்துக்குப் போவதற்காகக் கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்தார். கடைகள் நிறைந்த சாலை ஒன்றில் வண்டிகள் தேங்கி நின்றன. லாரி ஒன்று சிக்னல் காட்டாமல் திரும்பியிருக்கிறது. பைக் அதன் பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது. வேன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நம்ம வீலு" என்றார்.

அவ்வளவுதான், இறங்கிவிட்டார். அடிபட்டவனை ஓரமாகத் தூக்கிப்போய் ஒரு கடை வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். கூட்டம் முழுக்க அங்கே. பைக் இந்தப் பக்கம் தனியாகச் சாய்ந்து கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் கூட்டத்துப் பக்கம் போயிருப்பார்கள். இவர் பைக் பக்கம் போனார்.

நம்பர் பிளேட்டைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தன் சொந்த ஸ்கூட்டரின் நம்பரே அவருக்குத் தெரியாது. கறுப்பு நிறத்தில் அதே மாடல் ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடியது. அவர் கண்ணுக்கு முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. ரிம் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் ஆரக்கால், கட்டைவிரல், அக்குள். ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஒரு கோடு. விரலில் எச்சில் தொட்டுத் துடைத்தார், நகத்தால் சுரண்டினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வெறும் கீறல். பெயின்ட்தான் போயிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. பிறகு நாலாவதை மறுபடியும் ஒருதரம்.

எழுந்து நின்றபோது அவருக்குத் தேகமே லேசானது போலிருந்தது. லாரியில் மோதியும் தாங்கியிருக்கிறது. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த நிமிஷம் இறங்கியது. சந்தோஷப்பட்டார், சொன்னால் கேவலமாக இருக்கும், ஆனால் அதுதான் நடந்தது. திரும்பிப் பார்த்தால் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். யாரு பெத்த புள்ளையோ, பிழைச்சுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினார். வார்ப்புக் கூடத்தில் டீயை ரசித்துக் குடித்தார். அப்போதுதான் மனைவியின் போன் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி வழியிலேயே போய்விட்டான் என்றார்கள்.

அடிபட்டவன் பக்கம் போகாமல் வீலைப் பார்த்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தார். அதற்குள் டிரைவர் வந்து, சார் அந்த இடத்திலேயே இருந்தார் என்று சொல்லிவிட்டிருந்தார். பொய் இல்லை, டிரைவர் வேனைவிட்டு இறங்கவே இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துல இருந்தியாமேப்பா."

அவர் வாயைத் திறந்தார்.

"அது போதும்டா எனக்கு. என் புள்ள அநாதையா நடுத்தெருவுல போகலை. ஏதாவது பேசுனானா?"

எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தாலும், அந்த முகத்துக்கு முன்னால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை. "பேசுனான்மா. அம்மாவைப் பாத்துக்கோன்னான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அம்மா உயிரைப் பிடித்தாள். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். அண்ணன் மடியில் தலை வைத்துப் போனான் என்று அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சோறு இறங்கவில்லை, அழுகையும் வரவில்லை. தம்பியை இழந்தவனுக்கு அழுகை வராமல் இருக்குமா என்று மனைவிதான் கவலைப்பட்டாள்.

அலுவலகத்தில் இன்னொரு கூத்து. மோதிய வண்டியைச் சோதித்தவர்கள் வீலில் குறையில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். விற்பனை மேலாளர் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, "லாரியில மோதியும் நம்ம வீலு உடையல பாருங்க" என்றார். இறந்தவன் யார் என்பது நினைவுக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆரக்கால் எழுந்து, முன்வீலின் அக்குள் தடிமனை மறுபடி பதினொரு மில்லிமீட்டர் ஆக்க வேண்டும் என்றார். "எதுக்கு சார்? அதான் குறையே இல்லையே?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார் மேலாளர். குறை வீலில் இல்லை என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண்மணி வீடு தேடி வந்தார். விபத்து நடந்த சாலையில் தையல் கடை வைத்திருக்கிறாராம். தம்பியைக் கிடத்தியது அவர் கடை வாசலில்தானாம். சட்டையில் இருந்த லிஃப்ட் கம்பெனி பெயரை வைத்து அங்கே போய் விசாரித்து, ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு, விலாசம் வாங்கி வந்திருக்கிறார். "மனசு ஆறல, அதான் வந்தேன்" என்றார்.

அம்மா அந்தம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நீங்களும் பாத்திருப்பீங்களே. இவன்தான் கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான்" என்று மூத்த மகனைக் காட்டினாள்.

தையற்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். தன்னை அந்தம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்று ஆரக்காலுக்குப் புரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டது போலிருந்தது. இத்தனை நாள் எந்தக் காவலாளியிடமும் இப்படி மாட்டியதில்லை.

"ஆமாம்மா," என்றார் அந்தம்மா மெதுவாக. "இருந்தாரு. நான் பாத்தேன்."

பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று அவரும் கூடவே கிளம்பினார். தெருமுனை தாண்டியதும் அவரே சொன்னார்: "எங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம் நீங்க. எனக்குத் தைரியம் இல்லை."

"நான் தப்பு சொல்ல வரலைங்க. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"நீங்களா? எதுக்கு?"

"உங்களைக் கூப்பிடாம விட்டுட்டேன்." அந்தம்மா நின்றுவிட்டார். "உங்க தம்பி தலை என் மடியிலதான் இருந்துச்சு. நினைவு இருந்துச்சு. கூட்டத்துக்காரங்க காலுக்கு நடுவுல உங்களைப் பாத்துட்டாரு. அது எங்க அண்ணன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருங்க கூப்பிடுறேன்னு எழுந்திரிக்கப் போனேன். கையை விடலை. வேணாம், வீலைப் பாக்குறாரு, பாத்து முடிக்கட்டும்னாரு."

அவர் அந்தம்மா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நிமிஷத்துல வந்துருவீங்கன்னு நானும் இருந்துட்டேன். உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப, உடைஞ்சிருக்கான்னு எங்க அண்ணனைக் கேட்டுச் சொல்லுங்கன்னாரு. நான் திரும்புறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. நீங்களும் வேன்ல ஏறிட்டீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அந்த வீலு விஷயம் ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா சாகப்போறவரு கேட்டதைக் கேக்காமலே இருந்துட்டமேன்னு இருக்கு. உடைஞ்சிருந்துச்சாங்க?"

"இல்லம்மா. உடையல," என்றார்.

அந்தம்மா சரி என்று தலையாட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போனார். அவர் அங்கேயே சாலையோரத்தில் உட்கார்ந்து, மூன்று மாதமாக வராத அழுகையை ஊரே பார்க்க அழுதார்.

"உடையலடா," என்றார். "நல்லா பாத்துட்டேன். உடையல."