அக்கா என்னைப் பற்றி எழுதிய அறிக்கை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று அவருடைய திதிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கிறது. மற்றப் பக்கங்களில் அவருடைய பெருமைகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவை உண்மை. அக்காவின் மகள் என்னிடம் மட்டும், "உள்ளத எழுதுங்க சித்தி" என்று கேட்டுக்கொண்டாள். எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அப்பா காலமானபோது அவருக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பதினொன்று. நான் ஆசிரியப் பயிற்சி முடிக்கும்வரை, வந்த வரன்களையெல்லாம் தள்ளிப் போட்டார். பாளையங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக அவருக்கிருந்த மரியாதையை நீங்கள் அறிவீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆங்கிலப் பாடநூல் மாறியது. தமிழே கலக்காமல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கும் புதிய முறையைக் கற்றுவர அக்காவை வெளிமாநிலத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து, எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மே மாதம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார். மாதிரிப் பாடம் நடத்த என் முறை வந்தபோது, ஒரு சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லிவிட்டேன்.

"நிறுத்துங்க டீச்சர்" என்றார் அக்கா. வீட்டில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுகிறவர். "இங்கிலீஷ் வராதது உங்களுக்கா, உங்க பிள்ளைகளுக்கா?"

நாற்பது பேர் சிரித்தார்கள். மீதி நாட்களுக்குக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

ஆகஸ்டில், பயிற்சி எவ்வளவு பயன்பட்டது என்று மதிப்பிட எங்கள் பள்ளிக்கே வந்தார். சேரன்மகாதேவிக்கு அப்பால், வயல் வேலைக்குப் போகிற, பீடி சுற்றுகிற தாய்மாரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அன்றைய பாடம், விமான நிலையத்தில் இருவர் பேசிக்கொள்வது. வகுப்பே ஊமையாக இருந்தது. ஒருத்தி மட்டும் எழுந்து, "டீச்சர், ஏரோப்ளேன்ல கண்டக்டர் உண்டா?" என்று கேட்டாள்.

புத்தகத்தை மூடினேன். பெஞ்சுகளை இழுத்துப் போட்டுத் திருநெல்வேலி பஸ் ஆக்கினேன். கேட்டவளையே கண்டக்டர் ஆக்கினேன். எங்கே போகிறீர்கள், இடம் இருக்கிறதா, பேட்டையில் நிற்குமா, எல்லாம் ஆங்கிலத்தில். தப்பும் தவறுமாகக் கத்திக் கத்திப் பேசினார்கள். மணி அடித்த பிறகும் பஸ்ஸைவிட்டு இறங்க மறுத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்ததைப் பார்த்தேன்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. 'பாடநூலை மீறுகிறார். தமிழையே நாடுகிறார். ஆங்கிலம் கற்பிக்கத் தகுதியில்லை.' நிர்வாகம் என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றியது. இன்றுவரை அதுதான்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சிரிச்சீங்களே அக்கா?"

"தங்கச்சிக்குச் சலுகை காட்டுதான்னு நாலு பேரு சொல்லுவாவட்டி. எம் பேரு என்னத்துக்கு ஆகும்?"

மறு ஆண்டு பயிற்சிக் கையேடு வந்தது. உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ற பாடம் என்று, பெஞ்சு பஸ்ஸும் பேட்டை நிறுத்தமும் அப்படியே அதில் இருந்தன. கீழே அக்காவின் பெயர். அதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் அம்மா கைதட்டினார், நானும் தட்டினேன். என் இடத்துக்கு வந்த ஆசிரியை கையேட்டைப் பார்த்துப் பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் தையல் அறைவரை கேட்டது.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் கண்டது. விடுப்பு எடுத்து மூன்று மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். எந்த வலிக்கும் அவர் முனகியதில்லை. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நெனைக்கேன்."

என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "பேசாதீங்கக்கா, மூச்சு வாங்குது" என்று ஈரத்துணியால் உதட்டை ஒற்றினேன். மறுநாளும் தொடங்கினார். மறுநாளும் ஒற்றினேன். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை. எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும், வேளை தவறாமல் உதவிய எதிர்வீட்டாருக்கும், ஆற்றங்கரைக் காரியம்வரை உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இப்படியொரு தங்கை யாருக்கும் வாய்க்காது என்று துக்கம் கேட்க வந்தபோது என்னிடம் சொன்னீர்கள். அந்த வார்த்தையை மட்டும் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.