வருத்தத்தின் மொழிபெயர்ப்பு

என் ஆய்வுக் கட்டுரையை வாசித்து நானே கண்கலங்கியிருக்கிறேன். அதை எழுதியது நான் அல்ல என்பது மூக்கைத் துடைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீரிழிவுக்காரர் ஏன் கிளினிக்கை இடையில் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அவர்களை முன்னால் இருத்திக் கேள்வி கேட்பேன், கைபேசி பதிவுசெய்யும். கைபேசி கேட்டுக்கொண்டிருந்தபடியால் நான் கேட்கவில்லை. பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தேன். அது ஆங்கிலமாக்கி, வகைபிரித்து, முடிவுரை வரைக்கும் எழுதித் தந்தது. எங்கள் சனம் முழுக்கத் துயரத்தில் தோய்ந்திருப்பதாகக் கண்டுபிடித்தது. போர் கண்ட ஊர். நம்பாமல் என்ன செய்வது? குருநகர்ப் பெண் ஒருவர் சொன்னதைத் தலைப்புக்கே எடுத்தேன்: ‘துயரம் பெருகிவிட்டது, படுத்தால் மூச்சுத் திணறுகிறது.’ என்ன கவித்துவம் என்று மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

கட்டுரையை அனுப்புமுன் அந்தக் குரலையும் ஒருமுறை கேட்டுவைப்போம் என்று தோன்றியது.

“வருத்தம் கூடிட்டுது டொக்டர். படுத்தா மூச்சு முட்டுது.”

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். இயந்திரம் படித்த தமிழில் அது மனக்கவலை. கட்டுரை நெடுக வந்த ‘இனிய சோகம்’ நீரிழிவுக்கு நாங்கள் சொல்லும் சீனி வருத்தம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வரவில்லை. படுத்தால் மூச்சு முட்டுவது இதயம் தளர்வதன் அடையாளம். மாணவர்களுக்கு நானே படிப்பிப்பது. பதிவில் என் பதிலும் இருந்தது: “ம்… சரி, அடுத்த கேள்வி.”

உடனே குருநகருக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தார். உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில் தாயின் படம், முன்னால் மெழுகுதிரி.

“படுக்க ஏலாதெண்டு கதிரையிலை இருந்துதான் நித்திரை கொள்ளுவா,” என்றார். “ஒரு நாள் விடிய எழும்பேல்லை.”

இயந்திரம், வருத்தம், என் செவிட்டுத்தனம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்; அதையும் ஒரு விரிவுரை போலத்தான் கேட்டிருப்பேன். கட்டுரையை அனுப்பப்போவதில்லை என்றேன், அது அவருக்கு ஏதோ ஆறுதல் என்பதுபோல. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மாவும் அண்டைக்குக் கிளினிக்காலை வந்து சொன்னவ,” என்றார். “டொக்டர் நல்ல மனுசன்தானாம். என்ன கதைக்கிறார் எண்டுதான் ஒண்டும் விளங்கேல்லையாம்.”